வடலூர் தருமசாலை 150 வருஷத்துக்கும் மேலாக எப்படி ஓடுகிறது? எங்கள் ஊர் சாப்பாட்டுக் குழுவைப் பெரிதாக்கும் முன் கேட்கிறேன்

செந்துறைப் பக்கம்:

வணக்கம். அரியலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனிலிருந்து எழுதுகிறேன். 2020 ஊரடங்கில் வேலை இல்லாமல் மாட்டிக்கொண்ட செங்கல் சூளைக் குடும்பங்களுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். ஊரடங்கு முடிந்த பிறகும் விட மனசு வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் அரசு மருத்துவமனை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ கொடுக்கிறோம், சுமார் 150 பேர் சாப்பிடுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் நோயாளிக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவர்கள். உள்ளே படுத்திருப்பவருக்குச் சாப்பாடு வந்துவிடும், கூட இருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ வராது, அவர்கள் டீயும் பன்னும் வைத்து நாளை ஓட்டிவிடுவார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வேன் வாங்கித் தருகிறோம், டிரஸ்டாகப் பதிவு செய்யுங்கள், தினமும் கொடுங்கள், பக்கத்து நாலு ஊருக்கும் போங்கள் என்கிறார்கள். குழுவில் பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்குப் பயம். எனக்கு இரண்டும் இருக்கிறது.

போன மாதம் வடலூர் போய், பசித்து வருகிறவர்களுக்கு இலவசமாகச் சோறு போட வள்ளலார் ஆரம்பித்த தருமசாலையில், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் நாமே அண்டா தூக்கிப் பழகிய பிறகு அதைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. அரிசி எங்கிருந்து வந்தது, யார் நடத்தினார்கள், ஆரம்பித்தவர் போன பிறகும் எப்படி நிற்கவில்லை? அருள் என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம், அதை நானும் நம்புகிறேன். நடந்த விதத்தைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்:

நண்பரே, வடலூர் எங்களுக்குப் பக்கம், சிறு வயதிலிருந்து போய்வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

வள்ளலார் எடுத்தவுடன் சாலை திறந்துவிடவில்லை. சென்னையை விட்டு வந்த பிறகு கருங்குழியில் பல வருஷம் இருந்தார். 1865இல் தன் வழியில் வந்தவர்களைச் சேர்த்து சன்மார்க்க சங்கம் ஆரம்பித்தார். அப்புறம்தான் 1867 மே 23 அன்று தருமசாலை. அதாவது முதலில் ஆட்கள், பிறகு அடுப்பு. நடுவில் 1866இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் வடக்கு ஓரத்திலும் பெரும் பஞ்சம் வந்திருந்தது, பசி என்பது அந்தக் காலத்தில் ஊரே பார்த்துக்கொண்டிருந்த விஷயம்.

இடத்தைக் கவனியுங்கள். பார்வதிபுரம் என்ற வடலூர்ப் பகுதி மக்கள் சுமார் 80 காணி, அதாவது நூறு ஏக்கருக்கு மேல் நிலத்தைச் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஜமீன்தார் கொடுத்ததல்ல, ஊர்க்காரர்கள் சேர்ந்து கொடுத்தது. கடலூர் விருத்தாசலம் சாலையும் பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் வடலூர். பசியோடு நடந்து வருகிறவன் கடந்து போகிற இடத்தில் அடுப்பு இருந்தது. நீங்கள் மருத்துவமனை வாசலைப் பிடித்ததும் அதே கணக்குதான், அதை விட்டுவிடாதீர்கள்.

அடுப்பு சுமார் 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று சொல்வார்கள். பார்த்திருப்பீர்கள். பெரிய பாத்திரங்களை வரிசையாக ஏற்றும் அளவுக்கு முதல் நாளிலேயே வெட்டினார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். ஆனால் கட்டடத்துக்கு அவசரப்படவில்லை, முதலில் கூரைக் கொட்டகைதான். செலவு செய்த வரிசை அப்படி.

அடுத்தது விதி. சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் விசாரிக்காமல் பசி என்று வந்தவருக்குச் சோறு. அங்கே அவர் கட்டிய வழிபாட்டு இடமான ஞானசபைக்குள் போவதற்குப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு உண்டு, சாப்பாட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இதைக் கொள்கையாக மட்டும் பார்க்காதீர்கள், நிர்வாகத்துக்கும் இது பெரிய வசதி. கேள்வி கேட்க ஆரம்பித்தால் பட்டியல் வேண்டும், பட்டியல் போட ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு அதிகாரம் வந்துவிடும், அங்கேயே கெட்டுவிடும்.

அவர் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் திருவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டரை வருஷத்துக்குள் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சம். ஆரம்பித்தவரும் இல்லை, நாட்டில் தானியமும் இல்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டிய எதுவும் பிறகு லேசில் நிற்காது என்று நினைக்கிறேன். தாண்ட வைத்தது சங்கமும் நிலமும் சுற்று ஊர் விவசாயிகளும்தான் என்பது என் கணிப்பு. இன்று இந்து சமய அறநிலையத் துறை நிர்வாகம், ஆனால் தைப்பூச சமயத்தில் போய்ப் பாருங்கள், அரிசியும் காய்கறியும் எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், யாரும் கடிதம் போட்டுக் கேட்டு வாங்குவதில்லை.

முக்கியமாகச் சொல்ல வந்தது இது. வடலூர் கிளை திறந்து கிளை திறந்து வளரவில்லை. பல ஊர்களில் சன்மார்க்க சங்கங்கள் இருக்கின்றன, பூசத்துக்குக் கஞ்சி ஊற்றுகிறவர்கள், தினமும் ஒரு வேளை போடுகிறவர்கள், எல்லாரும் அவரவர் அரிசி, அவரவர் கணக்கு. வடலூரிலிருந்து ஆணை போவதில்லை. நாலு ஊருக்கு வேன் ஓட்டுவதைவிட நாலு ஊரிலும் நாலு பேரைப் பிடித்து அங்கங்கே அடுப்பு மூட்ட வைப்பது நல்லது. உங்கள் குழு முதல் மாதம் கூட இருந்து சொல்லிக்கொடுங்கள், பிறகு வந்துவிடுங்கள்.

கொள்ளிடக்கரை:

நெய்வேலி நண்பர் சொன்னதில் நிலம் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். 80 காணி இருந்தால் யாரும் நடத்தலாம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் மாதா மாதம் வாட்ஸப்பில் கேட்டு வாங்கும் பணத்தில் ஓடுவதும், நிலத்தின் பலத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. அந்த நிலத்தின் மேல் ஊர்க்காரர்களுக்கு இன்னும் எவ்வளவு உரிமை உணர்வு இருக்கிறது என்பதை 2024இல் பார்த்தோமே, ஞானசபையைச் சுற்றியுள்ள பெருவெளி என்ற திறந்த நிலத்தில் அரசு வள்ளலார் சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரம் மக்கள் எதிர்த்து நின்றார்கள், வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் போனது. எது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. முப்பாட்டன் கொடுத்த நிலத்துக்காக இன்றைக்கும் ஒரு ஊர் கிளம்பி வருகிறது என்றால் அந்தத் தருமம் அவர்களுடையதாகவே இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் குழுவில் உள்ளூர் ஆட்கள் கொடுப்பது எவ்வளவு, சிங்கப்பூர் பணம் எவ்வளவு? முக்கால்வாசி வெளியூர்ப் பணம் என்றால் வேன் வாங்கும் முன் உள்ளூரில் ஒரு வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று ஆரம்பியுங்கள்.

மெஸ்காரர்:

நான் சமையல் பக்கம் மட்டும் சொல்கிறேன் தம்பி, கும்பகோணம் பக்கம் மெஸ் வைத்திருந்தவன், கல்யாண சமையலும் பார்த்திருக்கிறேன்.

வாரம் ஒரு நாள் சமைப்பதும் தினம் சமைப்பதும் வேறு வேறு வேலை. வாரம் ஒரு நாள் என்றால் பத்து பேர் சந்தோஷமாக வருவார்கள், ஒருத்தர் வெங்காயம் உரிப்பார், ஒருத்தர் பாட்டுப் போடுவார். தினம் என்றால் மூன்றாவது வாரத்தில் நீயும் உன் வீட்டுக்காரியும்தான் நிற்பீர்கள். அதனால் தினமும் என்று முடிவு பண்ணினால் முதல் செலவு வேன் இல்லை, இரண்டு ஆளுக்குச் சம்பளம். ஒரு மாஸ்டர், ஒரு பாத்திரம் கழுவும் அம்மா. சேவைதானே, சும்மா வருவார்கள் என்று நினைக்காதே. பாத்திரம் கழுவுகிறவருக்குக் கூலி கொடுக்காமல் ஊருக்குச் சோறு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அளவு: கலந்த சாதம் என்றால் கிலோ அரிசிக்கு எட்டு பேர் என்று வை, வயிறு காய்ந்தவர்கள் சாப்பிடும் இடம், கல்யாணப் பந்தி அளவு அங்கே போதாது. 150 பேருக்கு 19, 20 கிலோ. 25 கிலோ சிப்பம் ஒன்று எடுத்தால் மீதி அடுத்த நாளைக்கு. சாம்பார் சாதத்துக்குத் துவரம்பருப்பு விலை ஏறினால் பாசிப்பருப்பைக் கலந்துகொள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெயில் காலத்தில் தக்காளி சாதம், லெமன் சாதம் தாங்கும், சாம்பார் சாதம் சீக்கிரம் ஊசிப்போகும், தேங்காய் அரைத்து ஊற்றினால் இன்னும் சீக்கிரம். இறக்கின சூட்டோடு மூடி போட்டு மூன்று மணி நேரம் வேனில் சுற்றிக்கொண்டு இருக்காதே. ஆவி தண்ணீராக இறங்கி மேல் சாதம் நசநசவென்று ஆகிவிடும், சூடு குறையக் குறைய புளிக்க ஆரம்பிக்கும். நாலு ஊர் போவது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, தினமும் கொடுக்கிற சாப்பாட்டில் ஒரு டப்பா எடுத்துத் தேதி எழுதி மறுநாள் வரை ஃபிரிட்ஜில் வை. ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கிறீர்கள், யாருக்காவது வாந்தி வந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

அரிசோனா தமிழ்:

நல்ல இழை. நான் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறேன், இங்கே செயின்ட் மேரீஸ் என்ற உணவு வங்கியில் எப்போதாவது பெட்டி அடுக்கப் போவதுண்டு. இதுவும் ஒரு வட்டாரத்தில் ஆரம்பித்து வளர்ந்ததுதான், ஆனால் வடலூருக்கு நேர் எதிர் வழி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

வடலூருக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1967இல் ஆரம்பித்தது. ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு சமையற்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தார். மரத்தில் பறிக்காமல் விட்ட ஆரஞ்சு, கடைகள் தூக்கிப் போடும் நல்ல சரக்கு, இதையெல்லாம் கேட்டு வாங்கினார், அந்த ஒரு சமையற்கூடத்துக்கு அது மிகுந்து போனது. செயின்ட் மேரீஸ் தேவாலயம் ஒரு பழைய பேக்கரிக் கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. அவர் அங்கே சமைக்கவே இல்லை. வாங்கி வைத்து, ஏற்கனவே சமைத்துப் போடும் மற்ற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். முதல் வருஷம் 36 அமைப்புகளுக்கு 2,75,000 பவுண்டு, அதாவது சுமார் 125 டன்.

1976இல் வரிச் சட்டம் மாறியது, உணவைப் பொருளாகவே தானம் செய்யும் கம்பெனிகளுக்குச் சலுகை கூடியது. அதோடு அரசு உதவியும் கிடைத்ததால் 1977க்குள் 18 நகரங்களில் உணவு வங்கிகள் வந்துவிட்டன. 1979இல் அவற்றை இணைக்க ஒரு தேசிய அமைப்பு உருவானது, அதுதான் 2008இல் ஃபீடிங் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று அதில் சுமார் 200 உணவு வங்கிகள். 1996இல் இன்னொரு சட்டம், நல்லெண்ணத்தில் உணவு கொடுத்தவர் மேல், மோசமான அலட்சியம் இல்லாதவரை, பொறுப்பு சுமத்த முடியாதபடி பாதுகாப்பு கொடுத்தது. அந்தப் பயம் போன பிறகு பெரிய கடைகள் தாராளமாகக் கொடுக்கின்றன.

இதன் பலம் அளவு. குறை என்று நான் நினைப்பது, வருகிற சரக்கு கம்பெனிகளின் மிச்சத்தைப் பொறுத்தது. ஒரு வாரம் பூரா தானியப் பெட்டி, ஒரு வாரம் பூரா தக்காளி சாஸ். சூடாக ஒரு தட்டு கிடைப்பதற்கு இது ஈடாகாது. உங்கள் ஊரில் பெரிய கம்பெனி மிச்சம் இருக்காது, கல்யாண மண்டபங்களில் இருக்கும். கோயம்புத்தூரில் 2014 முதல் நோ ஃபுட் வேஸ்ட் என்ற அமைப்பு மண்டபங்களில் மீதமாகும் சாப்பாட்டை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவர்களோடு பேசிப் பாருங்கள். வேன் உண்மையில் பயன்படும் இடம் அதுதான், சமைத்ததை நாலு ஊர் சுமப்பதற்கு அல்ல.

ஆடிட்டர் அக்கா:

சிங்கப்பூர் பணம் என்று படித்தவுடன் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

அனுப்புகிறவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், வழக்கமான வங்கி வழியாக அவர் தன் சொந்தப் பணத்தை அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் உங்கள் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவு புது டிரஸ்டுக்கு உடனே கிடைக்காது, பொதுவாக மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாயாவது சேவைக்குச் செலவு செய்திருக்க வேண்டும். நண்பர்தானே, என் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த குழுக்கள் நோட்டீஸ் வந்து கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

உள்ளூரில் டிரஸ்டு பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, பான், வங்கிக் கணக்கு, அப்புறம் வருமான வரித் துறையில் டிரஸ்டுக்கான பதிவு, கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி (1961 வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி, 80ஜி என்று சொன்னவை). இதில் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒருவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு அந்த வரிக் கழிவு கிடையாது. அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது, அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொன்ன மாதிரிச் சலுகை இங்கே பொருளுக்கு இல்லை. அதனால் மூட்டை கொடுப்பவரிடம் ரசீதில் தொகை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், எத்தனை கிலோ என்று மட்டும் எழுதி நன்றி சொல்லிக் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் லாபம் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை, இலவசமாகக் கொடுத்தாலும் பதிவு வேண்டும். சின்ன அளவுக்குப் பதிவு போதும், ஆன்லைனில் செய்துவிடலாம். மிச்ச உணவு எடுப்பதற்கு 2019இல் தனி விதிமுறைகளே வந்திருக்கின்றன, மண்டபத்தில் எடுக்கும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

திட்டக்குடி மகள்:

நான் சங்கம், சட்டம் எதுவும் தெரிந்தவள் இல்லை. என் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன். வியாழக்கிழமை மட்டும் யாரோ வந்து சாப்பாடு கொடுப்பார்கள். மற்ற நாளில் அம்மா எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பசிக்கவில்லை என்பாள். செந்துறை அண்ணா, நாலு ஊருக்குப் போக வேண்டாம், சரி. ஆனால் ஒரே வாசலில் நாள் கூட்டுங்கள். தக்காளி சாதம் கூட வேண்டாம், கஞ்சியும் துவையலும் போதும். நாளைக்கும் வருவார்கள் என்று தெரிந்தால் கையில் இருக்கிற காசை மருந்துக்கு எடுத்து வைக்கலாம், அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

செந்துறைப் பக்கம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவில் எல்லாரும் உட்கார்ந்து இந்த இழையை முழுசாகச் சத்தமாகப் படித்தோம். கடைசிப் பதிவு வந்தபோது யாரும் பேசவில்லை.

வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த மருத்துவமனை வாசலை மட்டும் வைத்துக்கொண்டு முதலில் வாரம் மூன்று நாள், அதில் இரண்டு நாள் கஞ்சி, துவையல். பாத்திரம் கழுவ ஒரு அம்மாவுக்கு மாதச் சம்பளம் பேசியாகிவிட்டது. சிங்கப்பூர் நண்பர்களில் யார் எந்த பாஸ்போர்ட் என்று கேட்டு வாங்குகிறோம், அதுவரை அந்தப் பக்கப் பணம் நிறுத்தம். பக்கத்து ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் தெருவில் தானே ஆரம்பிக்கிறேன் என்றார், நாங்கள் கூடப் போய் நிற்கிறோம்.

கொள்ளிடக்கரை அண்ணா கேட்ட கணக்கைப் பார்த்தோம், பாதிக்கு மேல் வெளியூர்ப் பணம்தான். அதனால் தை அறுவடையில் எங்கள் சுற்று ஊர் விவசாயிகளிடம் கேட்கலாம் என்று இருக்கிறோம். அரிசியாகக் கேட்பதா, நெல்லாகவா? நெல் என்றால் எங்கே வைப்பது, எப்படிக் காப்பது? எங்களில் யாருக்கும் அனுபவம் இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப்:

நெல்லாகவே வாங்குங்கள். களத்துமேட்டில் இருக்கும்போதே ஒரு மூட்டை தள்ளி வைப்பது விவசாயிக்கும் சுலபம், அரைத்து வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் கொடுக்க யோசிப்பார். நெல் உமிக்குள் இருக்கும்வரை வண்டு சீக்கிரம் ஏறாது, அரிசியானால் இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும். வாங்கும்போது கையில் அள்ளிக் கடித்துப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் ஈரம் இருக்கிறது, இரண்டு வெயில் காயப் போட்டுத்தான் அடுக்க வேண்டும். தரையில் நேராக வைக்காமல் மரச் சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள், நடுநடுவே காய்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ போடலாம். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் ரைஸ் மில்லில் கொடுத்துப் புழுங்கலாக அரைத்து வாங்குங்கள், ஊரில் ஒரு மில்காரர் அரவைக் கூலி வேண்டாம் என்று சொல்வார், கேட்டுப் பாருங்கள், அவர் பங்கு அதுவாக இருக்கட்டும். தவிட்டை மாடு வைத்திருப்பவருக்கு விற்றால் கஞ்சிக்குப் பாசிப்பருப்பு வாங்கும் காசு ஓரளவு வந்துவிடும்.

ஒவ்வொரு மூட்டையையும் கொடுப்பவர் கண் முன்னால் எடை போட்டு நோட்டில் பெயரோடு எழுதுங்கள். அந்த நோட்டை மருத்துவமனை வாசலில் சாப்பாடு கொடுக்கும் இடத்திலேயே வையுங்கள், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தரிடம் சொல்லி வையுங்கள்.